இடது பக்கம் சாய்ந்த பாட்டு

அத்தியாயம் 3

செத்துப்போனவரின் நாற்காலியில் மேடம் போய் உட்கார்ந்தார். யாரையும் கேட்கவில்லை. துப்பறியும் தொழிலில் இருபது வருஷமாக அவருடைய வழக்கம் அது. "போனவங்க எங்கே உட்கார்ந்து எதைப் பாத்தாங்களோ, அங்கே உட்கார்ந்து அதைப் பாக்கணும். பாதிக் கேஸ் அங்கேயே முடிஞ்சிடும்" என்பார். மீதிப் பாதியை முடிக்கத்தான் தன்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று ரேடியோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நாற்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, ஓயாத வாய். வாயைப் பார்த்து ஊர் வைத்த பெயர். அப்படிப்பட்டவனே இந்தக் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. காரணம், நாற்காலிக்கு வலது பக்கம் ஜன்னலோரமாக ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்.

"மன்னிச்சுக்கங்க மேடம். மெஷினை நிறுத்தினா அழுதுடுவேன். அதான் ஓட்டிக்கிட்டே பேசறேன்" என்றாள் அந்தத் தையல்காரி. இறந்தவரின் மனைவி. நாற்பதைத் தாண்டிய வயது. பள்ளிக்கூடச் சீருடைகள் மடியிலும் தரையிலுமாகக் குவிந்து கிடந்தன. புருஷன் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். திங்கட்கிழமை மதியம் ரயில் பாதையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தார். போலீஸ்காரர்கள் நாலு வரியில் எழுதி மூடிவிட்டார்கள். ஹாரன் சத்தம் கேட்டு நின்றார், பிறகு தெரிந்தே நடந்தார், தற்கொலை. ரயில் ஓட்டியவரே அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

"அன்னைக்குக் காலைல நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்றாள் அவள். துணி ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. "இதே இடத்துல உட்கார்ந்து, மெஷினை ஓட்டிக்கிட்டேதான் சொன்னேன். அவர் அந்த நாற்காலில உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தாரு. 'நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்'னேன். எழுந்து என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. 'சாயங்காலம் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். மெஷினைக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திடு'ன்னாரு. போயிட்டாரு. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு மேடம்? போறேன்னு சொல்ற சிரிப்பா?"

தெரியாததற்கு ஆறுதல் சொல்கிற பழக்கம் மேடத்திடம் கிடையாது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். தானாப் போனாரா, தவறிப் போனாரா? தானாப் போயிருந்தா, அனுப்பி வெச்சது நான்."

அழுகை வந்தால் ரேடியோ பேசுவான். அதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். "அக்கா, வீட்டுக்கு வீடு வாசப்படி. என் பொண்டாட்டி என்கிட்ட சொல்றதையெல்லாம் கணக்குல எடுத்தா நான் நூறு தடவை செத்திருக்கணும்" என்றான். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதற்காகத்தான் சொன்னான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார் மேடம்.

அவள் எதிரே கையைக் காட்டினாள். இடுப்பு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். பளபளவென்று தேய்த்த தேக்கு நிறம். ஸ்பீக்கர்கள்.

"இதுங்கதான் காரணம். பாட்டுன்னா அவருக்கு உசிரு. பத்து வருஷம் ஆசைப்பட்டு இந்த ஜோடியை வாங்கினாரு. வாங்கினவரு கேட்டுட்டுச் சும்மா இருக்கலாம்ல? இதுக்கேத்த ஆம்ப்ளிஃபயர் அமையலைன்னு எட்டு மாசமா அலைச்சல். ஒண்ணு கொண்டு வருவாரு, மாட்டுவாரு, உட்கார்ந்து கேப்பாரு, மூஞ்சி சுருங்கும், திருப்பிக் கொண்டுபோவாரு. நான் ஒருத்தி பக்கத்துல உட்கார்ந்து பேசினாச் சுவர்கிட்ட பேசற மாதிரி. ஒரு 'ம்' கூடக் கிடையாது. ஆனா சமையல்கட்டுலேர்ந்து 'சாப்பிட வாங்க'ன்னு மெதுவாச் சொன்னாப் போதும், உடனே எழுந்து வந்துடுவாரு. சாப்பாடுன்னா மட்டும் காது கேக்கும்னு நானும் கிண்டல் பண்ணிப் பாத்தேன், சண்டை போட்டும் பாத்தேன்."

சமையல்கட்டு நாற்காலிக்கு இடது பக்கம் இருந்தது. மேடம் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

"ரேடியோ, இங்கே வா. இது என்ன?"

நாற்காலிக் கால்களுக்கு அருகே தரையில் பென்சில் குறிகள். ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் அச்சடித்தது போலச் சின்ன எழுத்தில் ஒரு தேதி. மொத்தம் ஐந்து. முதல் குறி இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில். அடுத்தது நாலு விரல் தள்ளி வலது பக்கம். அதற்கடுத்தது இன்னும் தள்ளி. ஐந்தாவது குறியில்தான் இப்போது நாற்காலி நின்றது, ஏறக்குறைய வலது ஸ்பீக்கரின் மூக்குக்கு முன்னால்.

"நாற்காலி நடந்திருக்கு மேடம்" என்றான் ரேடியோ. "எட்டு மாசத்துல ரெண்டு முழம். எங்க முனிசிபாலிட்டி வேலையைவிட வேகம்."

"எந்தப் பக்கம் நடந்திருக்குன்னு பாரு."

"வலது பக்கம். அக்காவோட மெஷின் பக்கம்."

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் கவனித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த சட்டையின் பையில் இருந்ததாம். அதே அச்செழுத்து.

*நாலு ஓம் தாங்கணும். சரி.*
*பலம். சரி.*
*மோனோ பட்டன். கட்டாயம்.*

'கட்டாயம்' என்பதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. சீட்டின் தலையில் ஒரு கடையின் முத்திரை, திங்கட்கிழமைத் தேதி.

"சாகப்போறவர் ஸ்கேல் வெச்சு அடிக்கோடு போடுவாரா மேடம்?" என்றான் ரேடியோ.

"போடுவாங்க. மறுநாள் சினிமாவுக்கு டிக்கெட் வாங்கி வெச்சுட்டுப் போனவங்களை நான் பாத்திருக்கேன்" என்று எழுந்தார் மேடம். "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கடைக்காரரைப் பாக்கலாம்."

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆரம்பித்து உள்ளே நீண்டுகொண்டே போனது. பின்னால் ஒரு தனி அறை. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. வாடிக்கையாளர் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கிற இடம். கடைக்காரருக்கு அறுபது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜை மேல் தேடிக்கொண்டிருந்தார். ரேடியோ அதை எடுத்து மூக்கில் இறக்கிவிட்டான்.

வரைபடக்காரரின் பெயரை எடுத்ததுமே அவர் முகம் விழுந்துவிட்டது. "என் கடையிலேர்ந்து கிளம்பின மனுஷன்யா. ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னு பிடிச்சு வெச்சிருக்கலாம். ஒரு டீ. அந்த வண்டி போயிருக்கும்."

"ஆம்ப்ளிஃபயரை மாத்திக்கிட்டே இருந்தாராமே?" என்றார் மேடம்.

"மாத்தினாரு. முதல்ல ரெண்டு தடவை மாத்தினதுல நியாயம் இருக்கு. அவரோட ஸ்பீக்கர் லேசுப்பட்டது இல்ல. நாலு ஓம். அதாவது கரண்டை மடமடன்னு குடிக்கும். சத்தமும் சீக்கிரம் எழும்பாது. அதுக்குப் போய், வால்வு போட்ட பத்து வாட்ஸ் ஆம்ப் கேட்டாரு. குரல் இனிமையா இருக்கும், ஆனா பலம் கிடையாது. யானைப் பசிக்குச் சோளப்பொரின்னு சொன்னேன், கேக்கல. ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டுவந்தாரு. ரெண்டாவது, பலம் இருந்தது, ஆனா நாலு ஓம் தாங்காது. அரை மணி நேரத்துல சூடேறி அணைஞ்சிடும். மூணாவதா ஒண்ணு குடுத்தேன் பாருங்க. காலுக்கேத்த செருப்பு. அந்த ஸ்பீக்கருக்காகவே பண்ணின மாதிரி. நானே அவர் வீட்டுக்குப் போய் மாட்டிட்டு வந்தேன். அதோட முடிஞ்சிருக்கணும்."

"முடியலையா?"

"பத்து நாள் கழிச்சு வந்து நிக்கறாரு. 'பாட்டு இடது பக்கம் சாயுது'ங்கறாரு."

"பாட்டு எப்படிங்க சாயும்? தண்ணி போட்டிருந்ததா?" என்றான் ரேடியோ.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "நல்ல ஜோடி ஸ்பீக்கருக்கு நடுவுல உட்கார்ந்தா, பாடறவர் சரியா உங்க மூக்குக்கு நேரா நின்னு பாடற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடே. அவருக்குப் பாடறவர் இடது பக்கம் போய் நிக்கறாராம். வலது பக்கத்து வாத்தியமெல்லாம் காணாமப் போகுதாம். ஆம்ப்ல ஒரு பக்கம் பலம் குறைச்சல்னு நினைச்சாரு. நானும் அதைத்தான் நினைச்சேன். நாலாவது மாத்திக் குடுத்தேன். அதுவும் சாயுதுன்னாரு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அவரோட ஸ்பீக்கரையே இங்கே வரவழைச்சு, இந்த நாற்காலில உட்கார வெச்சேன். 'சார், இப்ப இடது ஒயரை வலதுலயும், வலது ஒயரை இடதுலயும் மாத்திப் போடறேன். ஆம்ப் மேல குத்தம்னா இப்பப் பாட்டு வலது பக்கம் சாயணும்'னேன். போட்டேன்."

"சாஞ்சுதா?" மேடத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லைங்க. அப்பவும் இடது பக்கம்தான்னாரு. ஸ்பீக்கரையே இடம் மாத்தி வெச்சேன். அப்பவும் இடதுதான். இவருக்கு என்னமோ கோளாறுன்னு மனசுக்குள்ள திட்டினேன். அவர் ஒண்ணும் பேசல. இடது கன்னத்துல கையை வெச்சு, காதோட சேத்து மூடிக்கிட்டு, கண்ணையும் மூடி உட்கார்ந்துட்டாரு. பாட்டு ஓடுது. கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது. நான் ஒயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். பாட்டு அவ்வளவு பிடிச்சிருக்குபோலன்னு நினைச்சேன். இந்த நாற்காலில உட்கார்ந்து அழுதவங்களை நிறையப் பாத்திருக்கேன்."

ஸ்பாஞ்சு சுவர்களுக்கு நடுவில் ரேடியோவுக்குத் தன் மூச்சே கேட்டது. பாட்டுப் பிடித்து அழவில்லை அந்த மனிதர். நல்ல காதை மூடிப் பார்த்திருக்கிறார். மூடியதும் பாட்டே நின்றுபோயிருக்கிறது.

"வலது காது" என்றான் ரேடியோ மெல்ல.

"வலது காது" என்றார் மேடம். "கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. அதான் நாற்காலி வலது பக்கமா நகர்ந்துக்கிட்டே வந்திருக்கு. ஒரேயடியாப் போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

கடைக்காரர் அப்படியே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷமா இதுல இருக்கேன். மெஷினைப் பாத்தேன், ஒயரைப் பாத்தேன், சுவரைப் பாத்தேன். அந்த மனுஷனோட காதைப் பாக்கணும்னு தோணவே இல்லையே. நாங்க எல்லாரும் இப்படித்தாங்க. சத்தம் சரியில்லைன்னா பொருளைத்தான் சந்தேகப்படுவோம். காசு போட்டு வாங்கினது காதைவிட முக்கியமாப் போச்சு."

"அஞ்சாவது?"

"திங்கட்கிழமை வந்து, 'மோனோ பட்டன் இருக்கற ஆம்ப் வேணும்'னாரு. பழைய மாடல்லதான் அது இருக்கும். அதை அமுக்கினா ரெண்டு பக்கமும் தனித்தனியா வர்ற சத்தம் ஒண்ணாக் கலந்து, ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே பாட்டா வரும். ஆசையா ஜோடி வாங்கிட்டு யாராவது மோனோ கேப்பாங்களான்னு சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு. 'ஒண்ணும் விட்டுப்போகாம எல்லாம் ஒரே காதுல வந்துடும்ல?'ன்னு கேட்டாரு. ஏதோ பேச்சுக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன். 'உடனே கொண்டுவராதீங்க, வீட்ல ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டு ஃபோன் பண்றேன்'னு போனாரு."

மேடம் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சுவரிலிருந்து பிய்ந்து தொங்கிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் ரேடியோவின் வாய் திறந்துகொண்டது. "முடிஞ்சுது மேடம். காது கேக்கல, ஹாரன் கேக்கல, அடிபட்டாரு. தவறித்தான் போயிருக்காரு. வாங்க, அக்காகிட்ட போய்ச் சொல்லிடலாம்."

"இடது காது நல்லா இருந்துதே ரேடியோ. அந்த ஹாரன் ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும். ஹாரன் கேட்டு அவர் நின்னாருன்னு டிரைவர் சொல்லியிருக்காரு. கேட்டுட்டு நின்னு, அப்புறம் நடந்திருக்காரு."

"அப்ப?"

"அப்ப நாம கண்டுபிடிச்சது கேஸை இன்னும் மோசமாக்குது. பாட்டுன்னா உசிரா இருந்தவர். காது போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. பொண்டாட்டி வேற இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டா. போலீஸ்கிட்ட இதைச் சொன்னா, 'காரணம்'ங்கற இடத்துல இதையும் எழுதிக்குவாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ரயில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் நாலு கட்டில்கள், ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு கடிகாரம். ஓட்டுநர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வண்டி எடுக்கவில்லையாம். லீவு போட்டவர் வீட்டுக்கும் போகவில்லை.

"திரும்பத் திரும்ப என்னம்மா கேக்கறீங்க?" என்றார். "ஹாரன் அடிச்சேன். நின்னாரு. எனக்கு உசிரு வந்துது. ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்புறம் நேரா நடந்து வந்துட்டாரு. பிரேக்கைப் பிடிச்சேன். அது என்ன சைக்கிளா, உடனே நிக்க?"

"திரும்பிப் பாத்தாருன்னீங்களே. உங்களைப் பாத்தாரா?"

ஓட்டுநர் எழுந்து நின்றார். கையைத் தூக்கிக் காற்றில் தண்டவாளம் போட்டுப் பார்த்துக்கொண்டார். "இல்ல. நான் அவருக்கு வலது பக்கத்துலேர்ந்து வர்றேன். பாதையோரத்து சிக்னல் கேபினோட சுவர் மறைக்கும், திரும்பி எட்டிப் பாத்தாத்தான் நான் தெரிவேன். அவர் இடது பக்கம் பாத்தாரு. எனக்கு அவரோட பின்னந்தலைதான் தெரிஞ்சுது."

"இடது பக்கம் என்ன இருந்துது?"

"ஒரு கூட்ஸ் வண்டி. சிக்னலுக்காகத் தூரத்துல நின்னுக்கிட்டு இருந்துது." அவர் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். "போலீஸ்ல எந்தப் பக்கம் பாத்தாருன்னு கேக்கலம்மா. பாத்தாரான்னுதான் கேட்டாங்க. பாத்தாருன்னேன்."

பாதையைக் கடக்கும் இடத்தில் இரும்பு வேலி. அதற்கு இந்தப் பக்கமே, தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, மேடம் ரேடியோவை நிறுத்தினார். கைப்பையிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து அவன் வலது காதில் திணித்து, மேலே தன் உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார்.

"என்ன மேடம், மிச்சம் இருக்கற முடியையும் பிடுங்கப் போறீங்களா?"

"பேசாம நில்லு. கண்ணை மூடிக்கோ. ஹாரன் கேட்டதும் வண்டி எங்கே வருதுன்னு பாரு. யோசிக்காதே. சட்டுனு பாரு."

வெயில் கழுத்தில் சுட்டது. வேலிக் கம்பி சூடாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. திடீரென்று ஹாரன். நீளமாக, காதைத் துளைப்பது போல. ரேடியோ கண்ணைத் திறந்து திரும்பினான்.

இடது பக்கம் திரும்பினான். காலியான தண்டவாளம். வெயிலில் அது மினுங்கிக்கொண்டு கிடந்தது. எங்கே வண்டி என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்திலிருந்து காற்று அவன் முகத்தில் அறைந்தது. வண்டி எதிரே தடதடவென்று ஓடியது. ஒவ்வொரு பெட்டியாக ஓடி முடியும்வரை அவனால் வேலியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

"சத்தம் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க ரெண்டு காதும் வேணும் ரேடியோ" என்றார் மேடம், ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டே. "ஒரு காது போனவங்களுக்கு எல்லாச் சத்தமும் நல்ல காதுப் பக்கத்துலேர்ந்துதான் வரும். பாட்டு இடது பக்கம் சாஞ்ச மாதிரி, ஹாரனும் சாஞ்சிருக்கு. கேட்டதும் நின்னாரு. இடது பக்கம் பாத்தாரு. அங்கே ஒரு வண்டி நிக்குது. அதுதான் ஹாரன் அடிக்குது, நின்னுட்டுத்தானே இருக்குன்னு நம்பி நடந்துட்டாரு. சாகப்போறவர் நின்னு வண்டி எங்கேன்னு தேட மாட்டாரு."

ரேடியோவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புகை பட்டுவிட்டது என்று சொல்லலாம் என்று பார்த்தான். ஓடியது மின்சார ரயில். புகையும் இல்லை.

தையல்காரி முழுவதையும் கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காது விஷயம் வந்தபோது வேகம் குறைந்தது. ஹாரன் விஷயம் வந்தபோது ஊசி அந்தரத்தில் நின்றது. எட்டு மாசமும் அவள் அவருடைய வலது பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறாள். வெளிச்சத்துக்காக ஜன்னலோரத்தில் போட்ட மெஷின். நாற்காலி அவள் பக்கமாக நகர்ந்து வந்தும், அவள் குரல் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"போலீஸ்ல எழுதினதை மாத்தச் சொல்லி நான் மனு எழுதறேன். டிரைவரும் கடைக்காரரும் வந்து சொல்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றார் மேடம்.

"அப்ப அன்னைக்குக் காலைல நான் சொன்னது..."

"கேட்டிருக்காது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட. கேக்காததாலதான் அவரால சிரிக்க முடிஞ்சுது. காதைப் பத்தி உங்ககிட்ட சாயங்காலம் சொல்றதுக்குத் தைரியம் பண்ணிக்கிட்டுப் போயிருக்காரு. அந்த ஆம்ப்ளிஃபயரைக்கூட நீங்க ஒத்துக்கிட்டப்புறம்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பதினாறு நாளாக நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்குவதை ரேடியோ கண்ணாலேயே பார்த்தான். தோள்கள் தளர்ந்தன. மூச்சு விட்டாள். பரவாயில்லை, இந்த ஒரு கேஸாவது நல்லபடியாக முடிந்தது என்று அவன் நினைத்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று வாயையும் திறந்துவிட்டான்.

அதற்குள் அவள் முகம் மாறியது.

"மேடம்" என்றாள். "முந்தின நாள் ஞாயித்துக்கிழமை. எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு பஸ்ல வந்தோம். வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வந்தேன். 'நான் கத்தினதெல்லாம் தப்புதான், மனசுல வெச்சுக்காதீங்க. ஸ்பீக்கர் வேணும்னா வெச்சுக்கங்க, எனக்கு நீங்க போதும்'னேன். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல அப்படியெல்லாம் நான் பேசினதே இல்ல. வெக்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் வெளியே பாத்துக்கிட்டே வந்தாரு. பதிலே இல்ல. அந்த ஆத்திரத்துலதான் மறுநாள் காலைல அந்த வார்த்தை வந்துது." அவள் நாற்காலியைப் பார்த்தாள். "அது கேட்டிருக்கும்ல?"

மேடம் அவள் பக்கம் குனிந்தார். "பஸ்ல யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?"

"அவர் ஜன்னலோரம். ஜன்னல் அவருக்கு இடது பக்கம். நான்..." அவள் கை தானாக எழுந்து தன் இடது தோளைத் தொட்டது. அவர் தோள் பட்ட இடம் அது. சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்டிருக்கும் என்று சொல்லுங்களேன், ஒரே ஒரு பொய் சொல்லுங்களேன் என்று ரேடியோ மேடத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். அவன் பிழைப்பே பேச்சு. அவனே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

"கேட்டிருக்காதும்மா" என்றார் மேடம். அவர் யாரையும் 'அம்மா' என்று கூப்பிட்டு ரேடியோ கேட்டது அதுதான் முதல் தடவை.

தையல்காரி மெஷினின் சுவிட்சை அணைத்தாள். எழுந்து, சீருடைகளைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கமாக வந்தாள். நாற்காலியின் இடது பக்கம் தரையில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியில் முகத்தை வைத்தாள்.

"நான் கத்தினதெல்லாம் தப்புதாங்க" என்று ஆரம்பித்தாள்.

ரேடியோ மேடத்துக்குப் பின்னால் வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.